விமானி உரிமமும் வீட்டுப் பத்திரமும்

என் தம்பியின் விமானிப் பயிற்சிக்கான பணத்தைத் திரட்டுவதும், தவணை தவணையாகச் செலுத்துவதும், செலுத்தியதற்குக் கணக்கு வைப்பதும் எங்கள் வீட்டில் என் பொறுப்பாக இருந்தன. ராணிப்பேட்டையில் தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்ப்பதால், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார். தம்பி உரிமம் வாங்கிய செய்தி தெரிந்த பிறகு, வாலாஜாபேட்டையிலும் ஆற்காட்டிலும் வேலூரிலும் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் சிலர் எங்களிடம் விசாரிக்க வந்தார்கள். எல்லோரும் முதலில் கேட்டது, ‘மொத்தம் எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ‘எத்தனை மாதம் ஆகும்?’ என்பது என் கருத்து. பறக்க வேண்டிய மணிநேரத்தை அரசு விதி நிர்ணயித்துவிடுகிறது. அதை முடிக்க ஆகும் மாதங்களுக்கு யாரும் உறுதி தருவதில்லை. வட்டியும் விடுதி வாடகையும் மாதக் கணக்கில்தான் ஏறுகின்றன.

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாகவும், அந்த 100க்குள் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறந்ததாகவும் இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சிக்கு 10 மணி, இரவுப் பறத்தலுக்கு 5 மணி என்று தனிக் கணக்கும் உண்டு. பெரும்பாலான பள்ளிகள் இதை ஒற்றை இயந்திர விமானத்தில் 185 மணி, இரட்டை இயந்திர விமானத்தில் 15 மணி என்று பிரிக்கின்றன. ஒற்றை இயந்திர விமானத்துக்கு மணிக்கு 15,000 ரூபாய், இரட்டை இயந்திர விமானத்துக்கு 45,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பறத்தலுக்கு மட்டும் 34 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வருகிறது. விலைப் பட்டியலில் இது மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். தரைப் பாடம், விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், பறத்தல் தேர்வுக்கு வரும் தேர்வாளருக்கான கட்டணம், ஹெட்செட் ஆகியவற்றை நாம்தான் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஹெட்செட்டை மட்டும் நாங்கள் படிப்பை முடித்த ஒரு மாணவரிடமிருந்து பாதி விலைக்கு வாங்கினோம். அது இன்றும் நன்றாக இருக்கிறது.

விலைப் பட்டியலில் எரிபொருள் பற்றிய வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் பெரும்பாலானவை ‘ஆவ்கேஸ்’ என்னும் விமானப் பெட்ரோலில் ஓடுகின்றன. பயணிகள் ஜெட் விமானம் பயன்படுத்தும் எரிபொருளிலிருந்து இது வேறானது, விலையும் கூடுதல். நெடுங்காலம் முழுக்க இறக்குமதியை நம்பியிருந்த இந்தப் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல்தான் உள்நாட்டிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் விலை ஏறினால் மணிக்கட்டணம் ஏறும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எந்த விலைக்கு மேல் ஏறினால், எத்தனை ரூபாய் ஏறும் என்பதை எண்ணாக எழுதித் தரும்படி நாங்கள் கேட்டோம். எழுதித் தர மறுத்த பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். ஜெட் எரிபொருளிலேயே ஓடும் டயமண்ட் வகை விமானங்களை வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே இந்தக் கவலை சற்றுக் குறைவு.

பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன்பு முடிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது மருத்துவப் பரிசோதனை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றும், அதன் பிறகு குறிப்பிட்ட மையங்களில் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். இரண்டாம் வகுப்புச் சான்று இருந்தாலே பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்பதால், முதல் வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளிகள் சொல்வது வழக்கம். அப்படித் தள்ளிப்போட எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் வகுப்புச் சான்று கிடைக்காதவர் வணிக விமானியாக முடியாது. பத்து லட்சம் செலவழித்த பிறகு நிறக்குருடு இருப்பது தெரியவந்தால் அந்தப் பணத்தை எங்கே போய்க் கேட்பது? வேலூரில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனையில் முதலில் கண்ணைச் சோதித்துக்கொண்டு, பிறகு காட்பாடியிலிருந்து ரயிலேறி, பெங்களூரில் விமானப்படை நடத்தும் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் முதல் வகுப்புப் பரிசோதனையை முடித்தோம். நமக்கு இவ்வளவு அருகில் அந்த மையம் இருப்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதிதான்.

இரண்டாவது, எழுத்துத் தேர்வுகள். வான்வழி நடத்தல் (நேவிகேஷன்), வானிலையியல், வான் ஒழுங்குமுறை விதிகள், தொழில்நுட்பப் பொதுத்தாள், குறிப்பிட்ட விமானத்துக்கான தொழில்நுட்பத் தாள் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வாங்க வேண்டும். இவற்றோடு, விமானத்திலிருந்து ரேடியோவில் பேசுவதற்கான ரேடியோ டெலிபோனி தேர்வும் உண்டு. இவற்றைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர் டிஜிசிஏவின் கணினி எண் என்னும் தேர்வுப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். தம்பி முக்கியத் தாள்களையெல்லாம் வாலாஜாபேட்டை வீட்டின் மாடியறையில் படித்து முடித்த பிறகே புறப்பட்டான். அம்மா சமைத்த சாப்பாடு, வாடகை இல்லாத அறை, இன்னும் தொடங்காத கடன் வட்டி என்று மூன்று வகையில் எங்களுக்குப் பணம் மிஞ்சியது. தாள்களை முடிக்காமல் போன சில மாணவர்கள் காலையில் விமானம், மாலையில் புத்தகம் என்று இரண்டுக்கும் நடுவில் தடுமாறிப் பறத்தலையும் நிறுத்த வேண்டியதாயிற்று என்று அவன் பிறகு சொன்னான்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் நம் பகுதிக்காரர்களுக்கு வெளியூர் வாசம் தவிர்க்க முடியாதது. வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருந்தாலும் அங்கே பயிற்சிப் பள்ளி கிடையாது. இந்திய விமான நிலைய ஆணையம் 2022இல் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய விமான நிலையங்களில் சேலமும் கடப்பாவும் இருந்ததால், இனி வருபவர்களுக்குத் தொலைவு குறையலாம். மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. தம்பிக்கு அங்கே இடம் கிடைக்காததால் தனியார் பள்ளிகளை ஒப்பிட்டோம். மணிக்கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் குறைவு என்பதைக் காட்டிலும் எனக்கு வேறு சில எண்கள் தேவைப்பட்டன: பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள், கடைசியாக முடித்தவர் சேர்ந்த நாளிலிருந்து உரிமத்துக்கு விண்ணப்பித்த நாள் வரை எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார். இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை அலுவலகத்தில் கேட்பதைவிட அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்பது நல்லது. நாங்கள் பள்ளி தேடியபோது இல்லாத ஒரு வசதியும் இப்போது வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறது.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், டிஜிசிஏ அங்கீகரித்த விமானிப் பயிற்சி தகுதியுள்ள படிப்பாகப் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே ‘இது கல்லூரிப் படிப்பு இல்லையே’ என்று கிளையில் யாராவது தயங்கினால், அந்தத் திட்டத்தைச் சுட்டிக்காட்டி, வங்கியின் மேல் அலுவலகம் வரை எழுத்தில் கேட்கலாம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும். உள்நாட்டுப் படிப்புக்குச் செலவில் 5 விழுக்காட்டையும் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காட்டையும் நாமே போட வேண்டும்.

காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருக்கும் நெல் வயலைப் பிணையாக வைக்கலாம் என்றுதான் அப்பா நினைத்திருந்தார். வங்கி அதை ஏற்கவில்லை. கடன் வாராமல் போனால் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிணைச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், வயலைப் பிணையாக எடுக்க வங்கிகள் பொதுவாக விரும்புவதில்லை. எனவே வீட்டுப் பத்திரத்தைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வீடு தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், அத்தை இருவரின் விடுதலைப் பத்திரம், அப்பா பெயருக்குப் பட்டா மாற்றம், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வாங்கினோம். மூலப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும், இடையில் வந்த ஆவணத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்றும், புதிய பட்டாவில் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்றும் இருந்தன. 1989இலும் அதன் பிறகு 2019இலும் மாவட்டம் பிரிந்த கதை நமக்குத் தெரிந்தாலும், சென்னையில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் வங்கி அதிகாரிக்கு மூன்று வேறு சொத்துகள் போலத் தோன்றும். வங்கியின் வழக்கறிஞரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, சொத்து ஒன்றுதான் என்று அவருடைய சட்டக் கருத்திலேயே ஒரு பத்தி எழுத வைத்தோம். பழைய வட ஆற்காட்டில் பூர்வீகச் சொத்து வைத்திருக்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே பட்டாவையும் வாரிசுப் பங்கையும் சரிசெய்துகொண்டால், பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த பிறகு ஓடியலைய வேண்டியிருக்காது.

கடன் ஒப்புதலானதும் பள்ளி மூன்றே தவணைகளில் முழுத் தொகையையும் கேட்டது. முதல் தவணையே பாதிக்கு மேல். கூரை போடாத வீட்டுக்கு மேஸ்திரியிடம் முழுக் கூலியையும் கொடுப்பது போன்றது அது. பறந்த மணிநேரத்தை ஒட்டித்தான் தவணை இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். பல கடிதங்களுக்குப் பிறகு, சேர்க்கையின்போது ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு 40 மணி நேரம் முடியும்போதும் ஒரு தொகை என்று ஒப்புக்கொண்டார்கள். வங்கிக் கடனாக இருந்ததும் எங்களுக்கு உதவியது; கல்விக்கடனை வங்கி நேரடியாகப் பள்ளிக்கு, பள்ளியின் கோரிக்கைக் கடிதத்தின் பேரில் தவணையாகத்தான் வழங்கும். வழங்காத தொகைக்கு வட்டி இல்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு பத்தியையும் சேர்க்கச் சொன்னோம்: பாதியில் விலகினால், பறந்த மணிநேரத்துக்கான கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது. விடுதிச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் செலவு மதிப்பீட்டிலேயே காட்டச் சொன்னோம்; அவை கடன் வரம்புக்குள் வரக்கூடியவை, விட்டுவிட்டால் கைக்காசிலிருந்து போகும்.

வட்டிக் கணக்கைப் பெற்றோருக்கு நான் இப்படித்தான் விளக்குகிறேன். 40 லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு வட்டி என்றால், மாத வட்டி 35,000 ரூபாய். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் அசலைக் கட்ட வேண்டாம் என்ற சலுகை உண்டு. அந்தக் காலத்தில் தனி வட்டிதான். ஆனால் மூன்றாண்டு வட்டி முழுவதையும் கட்டாமல் விட்டால் 12 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அசலோடு சேர்கிறது. பதினைந்து ஆண்டுத் தவணையில், வட்டியைக் கட்டிவந்தவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 44,000 ரூபாய் என்றால், கட்டாமல் விட்டவருக்கு 58,000 ரூபாயைத் தொடும். மொத்தக் கடனும் முதல் நாளிலேயே வழங்கப்பட்டதாகக் கொண்ட கணக்கு இது. தவணையாக வழங்கும்போது சுமை குறையும். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால் ஒரு விழுக்காடு வட்டித் தள்ளுபடி தரவும் அந்த மாதிரித் திட்டத்தில் வழியுண்டு. அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்தும் என் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் வட்டியைக் கட்டினோம்.

இதில் வருமான வரி பற்றிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் கல்விக்கடன் வட்டிக்கான பிரிவின்படி எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு; ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்க்குத்தான். தனக்காகவோ, கணவன் மனைவிக்காகவோ, பிள்ளைகளுக்காகவோ கடன் வாங்கியவரே அதைக் கோரலாம். தம்பிக்காக வட்டி கட்டும் அக்காவுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அதனால் கடனில் அப்பாவை இணைக் கடன்தாரராகச் சேர்த்து, வட்டி அவருடைய கணக்கிலிருந்து போகும்படி செய்து, அவர் பழைய முறையிலேயே கணக்குத் தாக்கல் செய்தார். என் பங்கை வீட்டுச் செலவில் ஈடுகட்டினேன்.

மாதங்கள் எப்படிக் கரைகின்றன என்பதைப் பயிற்சி தொடங்கிய பிறகுதான் நேரில் பார்த்தோம். மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் பறத்தல் இல்லை. வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விலக முற்பகல் ஆகிவிடும். விமானம் ஒன்று பராமரிப்புக்குப் போனால் அதற்குரிய மாணவர்கள் மற்ற விமானங்களின் வரிசையில் சேருவார்கள். ஆறு மாதத் தாமதம் என்பது முழுக் கடனும் வழங்கப்பட்ட நிலையில் 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வட்டி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 15,000 என்றால் அதில் 90,000. மணிக்கட்டணத்தில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் இதில் போய்விடும். கடைசிக் கட்டத்தில் வரும் தாமதம் இன்னும் மோசம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பறத்தல் தேர்வுகளும் அண்மையில் முடித்தவையாக இருக்க வேண்டும். மழையாலோ தேர்வாளர் கிடைக்காமலோ அந்த வரம்பு கடந்தால், 200 மணி முடித்தவரும் மறுபடி பணம் கட்டிப் பறக்க வேண்டும். ஆகவே கடைசி 20 மணி நேரத்தை மழைக்காலத்துக்குத் தள்ளாமல் வைப்பது நல்லது. படிப்புக் காலம் நீண்டால் தவணைச் சலுகையை நீட்டிக்க வங்கியிடம் விண்ணப்பிக்கலாம். சலுகை முடிவதற்கு முன்பே, பள்ளியின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாத இறுதியிலும் தம்பி, பறந்த நேரத்தைப் பதியும் தன் லாக்புக்கின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவான்; பள்ளி அனுப்பும் கணக்கோடு வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பேன். விமானம் பறப்பதற்காகத் தானே நகரத் தொடங்குவதிலிருந்து, திரும்பி வந்து நிற்பது வரை உள்ள நேரம் முழுவதும் பறத்தல் நேரமாகவே கணக்கிடப்படும். பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையத்தில் ஓடுதளத்தின் ஓரத்தில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிமிடங்களும் அதில் அடங்கும். அந்த நிமிடங்கள் 200 மணியில் சேர்ந்துவிடுவதால் பணம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது, கற்றது மட்டும் குறையும். ஒரு மாதம் ரத்தான பறத்தல் ஒன்று கட்டணத்தில் ஏறியிருந்தது. லாக்புக்கில் அது இல்லை என்று எழுதியதும் நீக்கினார்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்த விலைப் பட்டியலில் 18 விழுக்காடு வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறத்தல் படிப்புகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகு அடுத்த தவணைகளிலிருந்து அந்த வரி எடுக்கப்பட்டது. 35 லட்சத்தில் 18 விழுக்காடு என்பது 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். இனிச் சேருபவர்கள் இந்த வரியைக் கட்டணப் பட்டியலில் கண்டால் கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயிற்சி விரைவாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் கட்டணம் டாலரில் ஏறும். திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வுகளை எழுதி, இங்கே சோதனைப் பறத்தல் முடித்து உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, கிடையாது என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குப் பயன்படும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் சிபிஎல் படிப்பு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பவர்கள் கடனுக்கு முன்பு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

உரிமம் கைக்கு வந்த பிறகும் செலவு நிற்பதில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் கருவிப் பறத்தல் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; இதற்காக முதல் நாளிலேயே ஒரு தொகையை ஒதுக்கிவைத்தோம். ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்குக்கு எங்களிடம் சொல்லப்பட்ட தொகைகள் 15 லட்சத்துக்கு மேல். அதை வாங்கிவைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தால், அந்தத் தகுதி காலாவதியாகாமல் வைக்க, விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரின் செலவும் சேரும். தம்பி இப்போது வாலாஜாவிலிருந்தபடியே புதிய மாணவர்களுக்கு வான்வழி நடத்தல் பாடம் இணையவழியில் எடுக்கிறான். அந்த வருமானம் புதுப்பித்தல் செலவுக்கும் மாதத் தவணையில் ஒரு பகுதிக்கும் போகிறது, மீதியை அப்பாவும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். விமான நிறுவனம் ஒன்றின் தேர்வுக் கடிதம் கைக்கு வராமல் டைப் ரேட்டிங்குக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று மூவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். கடிதம் வந்தால் அதே வங்கியில் கூடுதல் கடன் கேட்க, வீட்டின் புதிய மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துவைத்திருக்கிறேன்.